சூசை அண்ணை கேட்காத அனுமதி

சூசை அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயம் இருந்தது. எங்கள் லூயிஷாம் தமிழர் குழுவில் உயிரோடு இருந்தவர்களுக்கும் மெழுகுதிரிப் படம் போட்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் தன் மரணச் செய்திக்குக் கீழே தானே வந்து "நான் இன்னும் இருக்கிறன்" என்று எழுதவேண்டி வந்தது. அண்ணை ஆஸ்பத்திரியில் மோசமாகத்தான் கிடந்தார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தையில் மீன்கடைக்கு முன்னால் நின்றபடி, செய்தி போட்டவர் யார், அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மீன்காரர் எத்தனை துண்டு என்று இரண்டாம் முறையும் கேட்டார். கடைசியில் அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவுக்கே போன் எடுத்தேன். ஒரு மனைவியிடம் இதை எப்படிக் கேட்பது? "எப்பிடி இருக்கிறியள் அக்கா?" என்று தொடங்கினேன்.

"ஓம் தேவகி, உண்மைதான்," என்றார் அவர். "நீர் சரியோ பிழையோ எண்டு பாக்கத்தான் எடுப்பீர் எண்டு தெரியும். அவரும் அப்பிடித்தான் செய்திருப்பார்."

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவர் பேச்சைக் கேட்டிருப்பீர்கள், அவரோடு வாதாடித் தோற்றிருப்பீர்கள். உங்களில் சிலர், அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோக முன்னரே ஒரு கதையைக் காதோடு காதாகக் கொண்டுபோனவர்கள். அந்த மனுசி அவருடைய முறையான மனைவியே இல்லையாம், சாகும்போதும் அவர் சம்மதிக்கவில்லையாம் என்ற கதை. பேர் சொல்லமாட்டேன், ஆனால் ஆட்களைத் தெரியும். நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்பதும் தெரியும். பிலோமினா அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்," என்றார் அவர். "மறைச்சு எழுதினால் இன்னும் கூடக் கதைப்பினம்."

நான் சூசை அண்ணையை முதலில் கண்டது இங்கிலாந்துக்கு வந்த பிறகு, குரோய்டனில். விசாவும் அகதி விண்ணப்பமும் பார்க்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. நாங்கள் இருவரும் அப்போது மொழிபெயர்ப்பாளர்கள். அவர் ஒரு சாண்ட்விச்சை வாங்கி, கடிக்க முன்னர் மேல் பாணைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டை எண்டு வெளியிலை எழுதியிருக்குத்தானே அண்ணை?" என்றேன்.

"எழுதினது ஆர்?" என்றார்.

எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படித்தான். என் அம்மா என்னைப் பெற்றபோதே இவள் மருத்துவிச்சியைச் சந்தேகமாகப் பார்த்தாள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று காலை நான் ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் மொழிபெயர்த்துவிட்டு வந்திருந்தேன். இருவரையும் தனித்தனியே வைத்துக் கேட்டார்கள். யார் யாரை எங்கே முதலில் கண்டது, கலியாணத்தன்று என்ன சாப்பாடு, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றது யார் என்று கேள்விமேல் கேள்வி. அவர்கள் மச்சான், மச்சாள். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருத்தியை எங்கே முதலில் கண்டாய் என்று கேட்டால் அந்தப் பெடியன் என்ன சொல்வான்? பெயரோ ஊரோ சொல்லாமல் என் எரிச்சலை மட்டும் அண்ணையிடம் கொட்டினேன். அவர் சாண்ட்விச்சை மூடினார்.

"இது புதுசில்லை தேவகி. இந்த நாட்டிலை பிரபுக்களையே இப்பிடித்தான் கேட்டவை. பிஷப்பின்ரை ஆக்கள் வந்து, சாட்சிகளைச் சத்தியம் செய்ய வைச்சுத் தனித்தனியாக் கேட்பினம். இவள் உனக்கு என்ன முறை? ஆர் சொன்னது? உனக்கு எப்ப தெரியும்?"

அவருக்கு இலத்தீன் தெரியும். யாழ்ப்பாணத்தில் குருமடத்தில் படித்து, குருவாகாமல் வெளியே வந்தவர். இங்கே வந்து பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்றபடி படித்து, பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் பழைய திருச்சபைப் பதிவுகளை வாசிக்கும் வேலைக்குப் போனார். வாழ்நாள் முழுக்க அவர் வாசித்தது ஒரே விடயத்தைத்தான். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய குடும்பங்கள் காணியும் கோட்டையும் கைவிட்டுப் போகாமல் தங்களுக்குள்ளேயே பெண் எடுத்தன, கொடுத்தன. திருச்சபையோ, இருவரின் வழியையும் பின்னோக்கி எண்ணும்போது நான்கு படிக்குள் ஒரே மூதாதை வந்தால் அந்தக் கலியாணம் செல்லாது என்றது. பெரிய இடத்துக் கலியாணம் எதை எடுத்தாலும் நான்கு படிக்குள் யாரோ ஒரு மூதாதை வந்து நிற்பார். ஆகவே பாப்பரசருக்கு ஆள் அனுப்பி, காரணம் சொல்லி, அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்கவேண்டும்.

அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூடச் சூசை அண்ணை நம்பியதில்லை. "ரெண்டு குடும்பத்துக்கும் பகை, இந்தக் கலியாணத்தாலை சமாதானம் வரும் எண்டு எழுதுவினம். நான் முதலிலை பாக்கிறது, பகை முந்தியோ கலியாணப் பேச்சு முந்தியோ எண்டுதான். காரணம் வேணுமெண்டால் சண்டையும் பிடிப்பினம்," என்பார். இன்னொன்றும் சொல்வார், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "அனுமதி கேக்கிறவன் எதையோ ஒண்டை மறைக்கிறான். கேக்காதவன் எல்லாத்தையும் மறைக்கிறான்."

பின்னாளில் நாங்கள் லூயிஷாமில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் தொடங்கினோம். நகரக் கவுன்சில் பணம் தரும் என்று நான் நம்பவில்லை, அண்ணையும் நம்பவில்லை. ஆகவே தேத்தண்ணியும் கேக்கும் பிலோமினா அக்காவின் பொறுப்பு. ஒரு கூட்டத்தில் அண்ணை விலக்கு அனுமதிகளைப் பற்றிப் பேசி முடித்ததும், வெம்பிளியில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் எழும்பினார்.

"தாய்மாமன்ரை மகளைக் கட்டுறதுக்குப் பாப்பரசரை ஏன் கேக்கவேணும்? அவள் எனக்கு உரிமையெல்லோ?"

"எங்களுக்கு மாமன் மகள் உரிமை, சித்தப்பன் மகள் தங்கச்சி," என்றார் அண்ணை. "திருச்சபைக்கு ரெண்டும் ஒண்டு. அவையிட்டை முறை இல்லை, தூரம் மட்டும்தான் இருக்கு. நாங்கள் ஆசையோடை கூப்பிடுற ஆளை அவை விரலை மடிச்சு எண்ணுவினம்."

"அப்ப கேக்காமல் கட்டினால்?"

அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்ததுபோல் இருந்தது. "கேக்காமல் கட்டின பிரபுவை மறதிக்காரன் எண்டு நினைக்காதையுங்கோ. அவன் பின்கதவைத் திறந்து வைச்சிருக்கிறான். பெண்சாதியிலை அலுத்துப்போனால், இல்லாட்டிக் கூடக் காணியோடை இன்னொருத்தி வந்தால், 'ஐயோ, நாங்கள் சொந்தம் எண்டு இப்பதான் எனக்குத் தெரிய வந்தது' எண்டு சொல்லிக்கொண்டு அந்தக் கதவாலை போவான். விவாகரத்து இல்லாத காலத்திலை அதுதான் விவாகரத்து."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் கேக் வெட்டிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா மட்டும் கத்தியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, வெட்டாத கேக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைக் கண்டேன். மனுசிக்கு இந்தப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிற நான், பார்க்கவேண்டியதை மட்டும் அன்று பார்க்கவில்லை.

அக்கா என்னோடு எப்போதும் மரியாதையாகத்தான் இருந்தார். அந்த மரியாதைதான் எனக்கு இடித்தது. நானும் அண்ணையும் அவர்கள் வீட்டு மேசையில் பதிவுகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தால், தேத்தண்ணிக் கோப்பைகளை எங்கள் இருவருக்கும் நடுவில் வரிசையாக வைப்பார். சீனிப்போத்தல், பால், பிஸ்கட் தட்டு என்று ஒவ்வொன்றாக வந்து எங்களுக்கு நடுவில் ஒரு மதில் எழும்பிவிடும். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. கலியாணமாகாத பெண் ஒருத்தி இன்னொருத்தியின் கணவரோடு மணிக்கணக்காகக் கதைப்பது எங்கள் ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாததல்ல. கதைப்பது பாப்பரசரைப் பற்றி என்று சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

அண்ணையைக் கலியாண வீடுகளுக்குக் கூப்பிடப் பலர் பயந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வெம்பிளியில் ஒரு கலியாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் தூரத்துச் சொந்தம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப்பிறகு அண்ணை சாப்பாட்டைத் தொடவில்லை. டிஷூப் பேப்பரை விரித்து, பக்கத்திலிருந்த கிழவர்களைக் குறுக்குவிசாரணை செய்து, மேலிருந்து கீழே கோடு இழுக்கத் தொடங்கினார். பெண்ணின் தகப்பன் கைகூப்பியபடி எங்கள் மேசைக்கு வந்தபோது அவர் தலை நிமிராமல், "மூண்டாம் படி. அந்தக் காலத்திலை எண்டால் நீங்கள் ஆள் அனுப்பியிருக்க வேணும்," என்றார். அந்த மனிதர் சைவ சமயத்தவர். பாப்பரசருக்கு ஏன் ஆள் அனுப்பவேண்டும் என்று விளங்காமல், கூப்பிய கை கூப்பியபடியே நின்றார்.

பிலோமினா அக்கா அந்தப் பேப்பரை இழுத்தெடுத்துக் கசக்கினார். "ஊரிலை உள்ள எல்லாரின்ரை கலியாணத்தையும் எண்ணுங்கோ," என்றார். அவ்வளவுதான். அண்ணை உடனே பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவரை ஒரு வசனத்தில் வாய் மூடவைத்த ஒரே ஆள் அக்காதான். அந்த வசனத்தில் இன்னும் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போது பட்டது. ஆனால் கலியாண வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

இனி ட்ராமில் நடந்ததைச் சொல்லவேண்டும். அவர் ஆய்வு வேலைக்குப் போன பிறகும் இடையிடையே குரோய்டனுக்கு மொழிபெயர்க்க வருவார். ஒரு மழை நாள் பின்னேரம் இருவரும் ட்ராமில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று அவரைப் பார்த்தால் களைத்துப்போனவராக இருந்தார். நான் ஏதோ பகிடியாகப் பின்கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு சோடி இருந்தது தேவகி," என்றார். "பிரபுவும் அவன்ரை மச்சாளும். சண்டைக் காலத்திலை கட்டினவை. கேக்காமல் கட்டேல்லை, அனுமதிக்கு ஆள் அனுப்பினவை. போன ஆள் திரும்பி வரேல்லை. அனுமதி கிடைச்சுதோ, வழியிலை நிண்டிட்டுதோ, ஒருத்தருக்கும் தெரியாது."

"சண்டை முடிஞ்சு பேந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம். ஆனா பேந்து கேக்கிறதெண்டால் முதல் வசனம் என்ன தெரியுமோ? இவ்வளவு காலமும் நாங்கள் புருசன் பெண்சாதி இல்லை. அதை முதலிலை ஒத்துக்கொள்ள வேணும். அதை ஒத்துக்கொண்டால்தான் மிச்சம் எல்லாம் கிடைக்கும். அவன் அந்த முதல் வசனத்தைச் சொல்லமாட்டன் எண்டிட்டான்."

"அது நல்ல சாட்டு அண்ணை. நீங்கள் சொல்லுற பின்கதவு திறந்துதானே கிடந்தது?"

"திறந்துதான் கிடந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை."

"ஆர் அந்தப் பிரபு? எந்தப் பதிவிலை இருக்கு?"

அவர் கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்தார். "இறங்கவேணும், வாரும்," என்று எழும்பினார். அது நாங்கள் இறங்கும் இடமே இல்லை. இருவரும் மழையில் நின்று அடுத்த ட்ராமுக்குக் காத்திருந்தோம். அவர் அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டார் என்பதற்கே சாட்சி சொல்கிற மனிதர் அவர். ஆதாரம் இல்லாமல் அவர் ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவர் எழுதிய கட்டுரை ஒவ்வொன்றிலும் அந்தச் சோடியைத் தேடினேன். இல்லை. ஒரு அடிக்குறிப்பில்கூட இல்லை. அண்ணைக்கு வயது போகிறது, எதையோ எதோடோ கலந்துவிட்டார் என்று முடிவு கட்டி மறந்துபோனேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் மத்தியானம் நான் போயிருந்தேன். பங்குத் தேவாலயத்திலிருந்து இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். இளம் பாதர் ஒருவர் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்து முடித்துவிட்டு, அண்ணையின் காதுக்குக் கிட்டக் குனிந்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த அறை சின்ன அறை.

"அங்கிள், அன்ரி எனக்குச் சொன்னவ. உங்கடை கலியாணத்துக்குப் பிஷப்பின்ரை அனுமதி வந்ததோ எண்டு தெரியாதாம். நீங்கள் பயப்பிட வேண்டாம். இப்பிடியான நிலையிலை அந்த விலக்கை நானே தரலாம். ரெண்டு பேரும் திரும்ப ஒருக்காச் சம்மதம் சொன்னால் போதும்."

பாதரும் அக்காவும் கதைத்ததைக் கேட்டு அன்றுதான் எனக்கே தெரியும். அண்ணையின் தாயும் பிலோமினா அக்காவின் தகப்பனும் உடன்பிறந்தவர்கள். யுத்தம் நெருங்கி வந்த நாட்களில், இடம்பெயர்ந்த சனம் நிறைந்திருந்த ஒரு கோவிலில் அவர்களுக்குக் கலியாணம் நடந்திருக்கிறது. பங்குக் குருவானவர் பிஷப்புக்கு எழுதி அனுப்பிவிட்டு, பாதை மூடிவிட்டது என்று தெரிந்ததும், "அனுமதி வரும், நான் பொறுப்பு," என்று சொல்லிக் கலியாணத்தை நடத்தி வைத்திருக்கிறார். பிறகு எல்லோரும் ஓடினார்கள். அந்தக் குருவானவரும் இப்போது இல்லை.

சூசை அண்ணை தலையை இடம் வலமாக ஆட்டினார். விளங்கவில்லையோ என்று நினைத்துப் பாதர் திரும்பவும் சொன்னார். அண்ணை கண்ணைத் திறந்து, தெளிவாக, "வேண்டாம் பாதர்," என்றார்.

பிலோமினா அக்கா யன்னல் பக்கம் திரும்பினார். அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் மனதில் முதலில் வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? பின்கதவுதான். பிரபுக்களின் பொய்யை எல்லாம் தோண்டியெடுத்த மனிதர் தன் வீட்டில் என்ன செய்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரோடு அதற்குப் பிறகு நான் கதைக்கவில்லை. கதைக்கக் கிடைக்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் பற்றிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு குரல்: "அவருக்கே அது கலியாணமாப் படேல்லைப் போலை. இல்லாட்டிச் சாகக்கிடக்கிற மனுசன் ஏன் மாட்டன் எண்டுறான்?" இன்னொரு குரல்: "இவ்வளவு படிச்சவர், எல்லாம் தெரிஞ்சுதான் வைச்சிருந்திருப்பார்." நான் திரும்பி நின்று நாலு கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் அதே கேள்வி என் வாய்க்குள்ளும் இருந்தது. கையிலிருந்த பற்றிஸைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழிந்து பிலோமினா அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். அதே மேசை, அதே கதிரை. தேத்தண்ணிக் கோப்பையை இந்த முறை நடுவில் வைக்கவில்லை, என் கைக்குக் கிட்ட வைத்தார். வைத்துவிட்டு அண்ணையின் கதிரையில் இருந்தார்.

"ஒண்டு கேக்கிறன். ஒளிக்காமல் சொல்லும். அந்தக் கதவு உமக்காகவோ திறந்து கிடந்தது?"

எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தேன். அவை மேசை விளிம்பை விடாமல் பிடித்திருந்தன.

"அக்கா, எனக்கு அவரிலை அப்பிடி ஒரு எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு என்னிலை இருந்திருந்தால் நான் கண்டுபிடிச்சிருப்பன். நான் எப்பிடிப்பட்ட சந்தேகக்காரி எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நிற்காமல் போயிற்று. "அது எனக்குத் தெரியும். சும்மா கேட்டுப் பாத்தன். அப்ப சொல்லும், ஏன் மாட்டன் எண்டவர்? ஊர் கதைக்கட்டும், அது எனக்குக் காரியமில்லை. எத்தினை கூட்டத்திலை அந்தப் பின்கதவுக் கதையைச் சொல்லியிருப்பார்? ஒவ்வொரு முறையும் நான் பின்னாலை நிண்டு கேட்டனான். எங்கடையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் வாய் திறந்து கேட்டதில்லை, என்ன சொல்லுவாரோ எண்டு பயம். கடைசியா, சாகேக்கையெண்டாலும் சரிப்படுத்துவார் எண்டு நினைச்சுத்தான் பாதரிட்டைச் சொன்னனான். அதுக்கும் வேண்டாமாம். அப்ப நான் அவருக்கு ஆர் தேவகி? இவ்வளவு காலமும் ஆரோடை இருந்தனான்?"

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அழவில்லை. அண்ணை சாட்சி கேட்கும்போது பார்ப்பதுபோல் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் ஆரோடை என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு ட்ராம் நினைவு வந்தது. மழை, அந்தப் பிரபு, அந்த முதல் வசனம். "இவ்வளவு காலமும் நாங்கள் புருசன் பெண்சாதி இல்லை." பாதர் கேட்டதும் அதைத்தானே? திரும்பச் சம்மதம் சொல்வதென்றால், முதல் சொன்னது சம்மதமே இல்லை என்றாகிவிடும் அல்லவா? முழுவதையும் அக்காவிடம் சொன்னேன், அண்ணை சொன்னது சொன்னபடியே.

நான் சொல்லி முடிந்ததும் அக்கா, "அந்தப் பிரபுவின்ரை பேர் என்ன?" என்றார்.

"சொல்லேல்லை அக்கா."

"எந்தப் பதிவிலை இருக்காம்?"

"கேட்டனான். கேட்டவுடனை ட்ராமாலை இறங்கிட்டார். பேந்து அவர் எழுதினது எல்லாத்திலையும் தேடினன். ஒரு இடத்திலையும் இல்லை."

"ஆதாரம் இல்லாமல் அவர் ஒண்டும் கதைக்க மாட்டாரே."

"இது ஒண்டுதான் அக்கா."

அக்கா சுவரிலிருந்த அண்ணையின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அது எங்கடை கதை. உண்மைதான்," என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார். "மச்சான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மற்றவர்களுக்கு முன்னால் அவர் அண்ணையை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் ஆறியதும் அக்காவுக்குக் கோபம் வந்தது. "இதை எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்? போயும் போயும் ட்ராமிலை உமக்குச் சொல்லியிருக்கிறார்," என்று அண்ணையின் படத்தைப் பார்த்து ஏசினார். அந்த ஏச்சு நியாயமானது. அண்ணையிடம் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிறகு மலரின் முதற்பக்கம் அச்சகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக் காட்டினார். வழக்கமான வரிதான்: பிலோமினாவின் அன்புக் கணவர். அக்கா பேனையை எடுத்து "அன்பு" என்ற சொல்லை வெட்டினார். நான் ஏன் என்று கேட்டேன். "அதை எல்லாரும் போடுவினம்," என்றார். "கணவர் எண்டு இருந்தால் போதும்." இந்தப் பக்கத்துக்கு வருமுன் அந்த வரியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் இப்போது திரும்பிப் போய் இன்னொரு முறை வாசிக்கலாம்.

சூசை அண்ணை இருந்திருந்தால் என்னை இவ்வளவு சுலபமாக விட்டிருக்கமாட்டார். "இந்தக் கதையாலை ஆருக்கு லாபம்? சொன்னது ஆர்? கேட்டது நீர் மட்டும்தானே?" என்று வரிசையாகக் கேட்டிருப்பார். அந்தக் கேள்விகளைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். இனி ஒரு செய்தி வந்தால், ஒரு மனு வந்தால், வெளியே முட்டை என்று எழுதிய சாண்ட்விச் வந்தால், மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பேன். ஆனால் ட்ராமில் அவர் சொன்ன அந்த ஒரு கதைக்கு மட்டும் அந்தக் கேள்விகளிலிருந்து நான் விலக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.